திருடுவது சுலபம், விற்பதுதான் பாடு

கேள்வி நீளமானது, அதனால் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவரின் வாசிப்பு வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஓர் ஓவியத் திருட்டு த்ரில்லர் படித்திருக்கிறார்கள். போலீஸ் உடுப்பில் வந்த இரண்டு பேர் ஐரோப்பாவில் ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து, முன்னூறு வருடத்து ஓவியம் ஒன்றைச் சட்டகத்திலிருந்து வெட்டிச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். ஏவியவர் ஒரு கோடீஸ்வரர். வீட்டுக்கு அடியில் ரகசியக் காட்சியறை வைத்திருக்கிறார். ஓவியம் நான்கு நாடு சுற்றுகிறது, வேஷம் போட்ட ஒரு போலீஸ்காரர் துரத்துகிறார், திருடனுக்குச் சொற்ப தண்டனை, கடைசியில் படம் என்ன ஆனது என்றே தெரியாமல் கதை முடிகிறது.

படித்தவர்கள் சொன்ன கருத்துகள்: திருட்டு இவ்வளவு சுலபமா, காதில் பூ. வேஷம் போட்ட போலீஸ் ரொம்ப ஓவர். ஊர் ஊராகச் சுற்றுவது சுற்றுலாக் கையேடு. தண்டனை சிரிப்பு. முடிவு மோசடி. கோடீஸ்வரர் பாத்திரம் மட்டும் அச்சு அசல் நிஜம். இதில் எது நியாயம் என்று கேட்கிறார்.

என் பதில்: உங்கள் வட்டம் நம்ப மறுத்த ஒவ்வொன்றும் நிஜத்தில் நடந்திருக்கிறது. நிஜம் என்று பாராட்டிய அந்தக் கோடீஸ்வரரைத்தான் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

முதலில் அந்த போலீஸ் உடுப்பு. 1990 மார்ச் 18, நள்ளிரவு தாண்டி 1.24 மணி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். முந்தின நாள் செயின்ட் பேட்ரிக் தினம். ஊரே குடித்துக் களைத்துக் கிடக்கிறது. இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தின் பக்கவாட்டுக் கதவில் இரண்டு போலீஸ்காரர்கள் மணி அடிக்கிறார்கள். உள்ளே ஏதோ சத்தம் என்று புகார் வந்திருக்கிறது, கதவைத் திற என்கிறார்கள். காவலாளி பொத்தானை அழுத்தித் திறந்துவிட்டார். அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். "உன்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே, உன் மேல் வாரன்ட் இருக்கிறதா, இப்படி வெளியே வா" என்று சொல்லி அவரை மேசையைவிட்டு எழுந்து வர வைத்தார்கள். வெளியே போலீசுக்குத் தகவல் போகும் ஒரே அவசரப் பொத்தான் அந்த மேசைக்கு அடியில்தான் இருந்தது. நாலு அடி நகர்ந்தார், கதை முடிந்தது. அவரையும் இன்னொரு காவலாளியையும் டேப் சுற்றி, கைவிலங்கிட்டு, நிலவறையில் உட்கார வைத்துவிட்டு 81 நிமிடம் நிதானமாக வேலை பார்த்தார்கள். துப்பாக்கிச் சூடு கிடையாது, கயிற்றில் தொங்குவது கிடையாது, லேசர் கதிரைத் தாண்டிக் குதிப்பது கிடையாது.

எடுத்தது 13 பொருள். உலகத்தில் மொத்தமே சுமார் 35 ஓவியம்தான் டச்சு ஓவியர் வெர்மீருடையதாக இருக்கிறது. அதில் ஒன்று போனது. ரெம்ப்ராண்ட் வரைந்த ஒரே கடற்காட்சியும் போனது. மானே, டெகா, எல்லாம் போனது. கூடவே ஒரு பழைய சீனப் பாத்திரம், நெப்போலியன் காலத்துக் கொடிக்கம்பத்தின் உச்சியில் இருந்த வெண்கலக் கழுகு. அந்தக் கட்டடத்திலேயே மிக அதிக மதிப்புள்ளது என்று பலரும் சொல்லும், இத்தாலிய ஓவியர் டிஷியனின் ஓவியத்தை மட்டும் தொடவில்லை! நாவலாசிரியர் இப்படி எழுதியிருந்தால் "திருடனுக்குக் கலையறிவே இல்லை, பாத்திரப் படைப்பு சரியில்லை" என்று ஒருத்தர் ஒரு நட்சத்திரம் கொடுத்திருப்பார். 50 கோடி டாலர் மதிப்பு என்கிறார்கள். துப்புக் கொடுத்தால் ஒரு கோடி டாலர் பரிசு. இன்றுவரை ஒன்றுகூடத் திரும்பவில்லை.

பாரிஸில் 2010ல் நடந்தது இதைவிட எளிமை. நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அலாரம் சில வாரங்களாகக் கெட்டுக் கிடந்தது. திருடன் ஜன்னல் வழியாக உள்ளே போனது லெஜேயின் ஒரே ஒரு ஓவியத்துக்காக. அலாரம் அடிக்கவில்லை என்றதும், வந்தது வந்தோம் என்று பிக்காசோ, மத்தீஸ், பிராக், மொதில்யானி நான்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனான். நம் ஆட்கள் தள்ளுபடிக் கடைக்குள் போனால் நடக்கிற கதைதான். 2025 அக்டோபரில் லூவரில் நகைகளைத் தூக்கியவர்கள், வீட்டுச் சாமான் ஏற்றும் தூக்கி பொருத்திய லாரியைத் தெருவிலேயே நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மாடி ஜன்னலுக்கு ஏறினார்கள். எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆகவே "இவ்வளவு சுலபமா" என்ற கேள்விக்கு, ஆமாம், இவ்வளவு சுலபம்தான்.

யாரும் குறை சொல்லாத ஓர் இடம் இருக்கிறது, எனக்கு உறுத்துவது அதுதான்: அந்தச் சுருட்டல். நாவல்களில் எந்த ஓவியத்தையும் கல்யாண ஜமுக்காளம் மாதிரி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். மோனா லிசா துணியில் வரைந்ததே இல்லை; பாப்லர் மரப்பலகையில் வரைந்தது, 77க்கு 53 சென்டிமீட்டர். சுருட்டப் போனால் விறகுதான் மிஞ்சும். எட்வர்ட் மூங்கின் 'அலறல்' அட்டையில் வரைந்தது. துணியில் வரைந்ததாகவே இருந்தாலும், முன்னூறு வருடம் காய்ந்த எண்ணெய்ச் சாயம் அப்பளம் மாதிரி இருக்கும். வளைத்தால் நொறுங்கும். பாஸ்டனில் ரெம்ப்ராண்ட் ஓவியங்களைக் கத்தியால் வெட்டி எடுத்தபோது ஓரத்துத் துணி சட்டகத்திலேயே தங்கிவிட்டது, சாயச் செதில்கள் தரையில் கிடந்தன. ஆம்ஸ்டர்டாமில் 2002ல் திருடுபோன இரண்டு வான் கோ ஓவியங்கள் 14 வருடம் கழித்துக் கிடைத்தபோது, கடல் ஓவியத்தின் கீழ் இடது மூலையில் ஒரு துண்டு சாயம் பெயர்ந்துபோயிருந்தது. உங்கள் நாவலில் கதாநாயகி சுருளை விரித்ததும் ஓவியம் பளபளவென்று இருந்ததாம். அங்கேதான் நான் புத்தகத்தை மூடியிருப்பேன்.

இப்போது கோடீஸ்வரர். இந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்பதற்கு ஒரு பிறப்புச் சான்றிதழே இருக்கிறது. 1961 ஆகஸ்ட் 21ல் லண்டன் நேஷனல் கேலரியிலிருந்து, கோயா வரைந்த வெலிங்டன் பிரபுவின் உருவப்படம் காணாமல் போனது. (மோனா லிசா திருடுபோனதும் 1911ல் இதே ஆகஸ்ட் 21தான். தற்செயல்தான், ஆனால் நாவலில் வைத்தால் நம்ப மாட்டீர்கள்.) அடுத்த வருடம் வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வில்லனின் மாளிகைக்குள் பாண்ட் நடக்கும்போது, அந்தக் கோயா ஓவியம் அங்கே ஒரு தாங்கியில் இருக்கும். பாண்ட் நின்று ஒரு பார்வை பார்ப்பார். அன்றைய பார்வையாளர்களுக்கு அது ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். அறுபது வருடம் கழித்து அந்தச் சிரிப்பைத்தான் உங்கள் வட்டம் "அச்சு அசல்" என்கிறது.

கோயாவை எடுத்ததாக ஒப்புக்கொண்டவர் யார் தெரியுமா? கெம்ப்டன் பண்டன் என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முதியவர்களுக்கு டிவி உரிமக் கட்டணத்தை ரத்து செய்ய வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. 1965ல் ஓவியத்தை ரயில் நிலையத்துப் பொருள் காப்பறையில் போட்டுவிட்டு, பிறகு தானே வந்து சரணடைந்தார். ரகசியக் காட்சியறை என்று ஒன்று உண்மையிலேயே இருந்தது என்றால், எனக்குத் தெரிந்து அது பிரான்ஸில் மூலூஸ் நகரத்தில் ஒரு சாதாரண வீட்டு மாடி அறை. ஸ்டெஃபான் ப்ரைட்வீசர் என்ற உணவகப் பணியாளர் 1995 முதல் 2001 வரை ஐரோப்பா முழுக்கச் சுற்றி 200க்கும் மேற்பட்ட கலைப்பொருள்களைத் திருடி, அம்மா வீட்டு மாடியில் சேர்த்துவைத்து ரசித்துக்கொண்டிருந்தார். மகன் பிடிபட்டதும் அம்மா பலவற்றைக் கால்வாயில் வீசினார், ஓவியங்களை அழித்தார். கோடியும் இல்லை, மாளிகையும் இல்லை.

அப்படியென்றால் திருடிய ஓவியம் எங்கேதான் போகிறது? திருடிய மறுநாளே அதன் புகைப்படம் உலகத்து நாளிதழ்களில் எல்லாம் வந்துவிடுகிறது. இன்டர்போல் பட்டியலில் ஏறுகிறது, லண்டனில் உள்ள திருட்டுக் கலைப்பொருள் பதிவேட்டில் ஏறுகிறது. ஏலக் கம்பெனிகள் விற்பனைக்கு வரும் பொருளை அதில் சரிபார்க்கின்றன. தங்கம் என்றால் உருக்கலாம். வெர்மீரை உருக்க முடியுமா? கண்ணுக்கு எதிரே கோடிக்கணக்கில் மதிப்பு இருக்கும், கையில் பத்துக் காசு வராது. அதனால் அது குற்றவாளிகளுக்குள்ளேயே அடகுப் பொருளாகச் சுற்றுகிறது. அயர்லாந்துக் கொள்ளைக்காரர் மார்ட்டின் காஹில் 1986ல் ரஸ்பரோ மாளிகையில் 18 ஓவியங்களை அள்ளிவிட்டு, விற்க வழி தெரியாமல் வருடக்கணக்கில் திணறினார். அதிலிருந்த வெர்மீர் 1993ல் ஆண்ட்வெர்ப்பில் பிடிபட்டது, கடனுக்கு ஈடாகப் போயிருந்தது. மேலே சொன்ன வான் கோ ஓவியங்கள் 2016ல் கிடைத்தது நேப்பிள்ஸ் பக்கத்தில், அந்த ஊர் மாஃபியாவான கமோரா கும்பலைச் சேர்ந்த போதைக் கடத்தல்காரர் ஒருவரோடு தொடர்புள்ள வீட்டில். சிறைக்குப் போகும் நாள் வந்தால் பேரம் பேச ஒரு சீட்டு, அவ்வளவுதான் அவற்றின் வேலை.

இதைச் சின்ன அளவில் நானே பார்த்திருக்கிறேன். தாத்தா காலத்துத் தஞ்சாவூர்ப் படம் ஒன்றை, வீடு மாறும்போது இடமில்லை என்று விற்கக் கொண்டுபோனேன். கடைக்காரர் படத்தைப் பார்க்கக்கூட இல்லை, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். "யார்கிட்ட வாங்கினது, எப்ப வாங்கினது, ஏதாவது காகிதம் இருக்கா சார்?" என்றார். பழைய கல்யாண போட்டோ ஒன்றில் பின்சுவரில் அந்தப் படம் தொங்குவதைக் காட்டிய பிறகுதான் விலையே பேசினார். என் சொந்தப் படத்தை விற்கவே இந்தப் பாடு.

காகிதம் என்றதும் நம்ம ஊர்ச் சிலைகளைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் அங்கே கணக்கு தலைகீழ். ஊருக்கே தெரிந்த ஓவியத்தை விற்க முடியாது. பூட்டிக் கிடக்கும் கோயிலில் யாரும் படம் எடுக்காத செப்புத் திருமேனியை விற்கலாம், போலிக் காகிதம் மட்டும் போதும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் அப்படித்தான் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் வழியாக, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 2008ல் சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டார். 1972ன் தொல்பொருள் சட்டம் வருவதற்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனவர் என்று காகிதம் சொன்னது. ஆனால் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுக் கோயில்களைப் பல பத்தாண்டுகளாகப் படம் பிடித்து வைத்திருந்தது. 1990களிலும் அவர் கோயிலிலேயே இருந்ததை அந்தப் படம் காட்டிக்கொடுத்தது. 2014ல் திரும்பி வந்தார். வேறொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022ல் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்து ஆண்டு சிறை விதித்தது. எனக்கு இந்த நடராஜர் கதையில் பிடித்த பாத்திரம் போலீசும் இல்லை, திருடனும் இல்லை. விற்கும் எண்ணம் துளியும் இல்லாமல் கேமராவோடு கோயில் கோயிலாகப் போன அந்தப் புகைப்படக்காரர்கள்தான்.

சரி, ஊர் ஊராகச் சுற்றும் விஷயம். இதில் உங்கள் வட்டத்தோடு பாதி ஒத்துப்போகிறேன். நாலு பக்கம் ரயில் நிலையத்தையும் காபிக் கடையையும் வர்ணிப்பது இந்த வகை நாவல்களின் பழைய வியாதி. ஆனால் எல்லை தாண்டுவதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு, அதைப் பெரும்பாலான நாவல்கள் எழுதுவதே இல்லை: சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இங்கிலாந்தில் ஒருவர் வீட்டிலிருந்து ஜப்பானியச் சிற்றுருவங்கள் திருடுபோயின. உள்ளங்கையில் அடங்கும் செதுக்கு வேலைப்பாடுகள், நெட்சுகே என்பார்கள். அவை இத்தாலிக்குப் போய் அங்கே ஒருவருக்கு விற்கப்பட்டன. வாங்கியவர் அவற்றை லண்டனுக்கே அனுப்பி ஏலத்துக்கு விட்டார். பறிகொடுத்தவர் வழக்குப் போட்டார். இத்தாலியச் சட்டப்படி, திருட்டுப் பொருள் என்று தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கியவருக்கே உரிமை போய்விடும். விற்பனை நடந்தது இத்தாலியில் என்பதால் இத்தாலியச் சட்டமே செல்லும் என்று 1980ல் லண்டன் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தன் வீட்டுப் பொருள், தன் ஊரில், தன் கண்ணெதிரே ஏலம் போவதை ஒருவர் தடுக்க முடியாமல் போனது! உங்கள் நாவலாசிரியர் நான்கு நாட்டில் ஒரு நாட்டுக்காவது இப்படி ஒரு காரணம் வைத்திருந்தால், "சுற்றுலாக் கையேடு" என்ற பேச்சே எழுந்திருக்காது.

வேஷம் போட்ட போலீஸ் ஓவர் என்றவர்களுக்கு ஓஸ்லோ கதை. 1994 பிப்ரவரி 12, நார்வேயில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் தொடங்கும் நாள். நாட்டின் கவனமெல்லாம் போட்டிகள் மேல். இரண்டு பேர் ஏணி வைத்து, நேஷனல் கேலரியின் ஜன்னலை உடைத்து, 'அலறல்' ஓவியத்தை ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக்கொண்டு, மோசமான பாதுகாப்புக்கு ஆயிரம் நன்றி என்று எழுதிய ஒரு தபால் அட்டையை விட்டுப் போனார்கள். மீட்டவர் ஸ்காட்லாந்து யார்டின் சார்லி ஹில். கெட்டி அருங்காட்சியகத்தின் ஆள் மாதிரி, காசை வாரி இறைக்கும் அமெரிக்கராக நடித்தார். மே மாதம் ஓஸ்லோவுக்குத் தெற்கே ஒரு கோடை வீட்டில் அவர் கைக்குப் படம் வந்தது. அது அசல்தான் என்று எப்படித் தெரிந்துகொண்டார் தெரியுமா? மூங்க் மெழுகுவத்தியை ஊதி அணைத்தபோது படத்தில் மெழுகு தெறித்திருந்தது என்று படித்து வைத்திருந்தார். அட்டையைப் பிடித்து அந்தத் தெறிப்புகளைத் தேடினார், இருந்தன. தெறிப்பைப் பறவை எச்சம் என்று சொல்பவர்களும் இருந்தார்கள். 2016ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் சோதித்து மெழுகுதான் என்று உறுதி செய்தார்கள். கோடீஸ்வரர் என்று ஒருவர் இருக்கத்தான் செய்கிறார் பாருங்கள். அவர் வேஷம் போட்ட போலீஸ்காரர்.

தண்டனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மோனா லிசாவைத் திருடிய வின்சென்ஸோ பெருஜ்ஜியா இரண்டு வருடத்துக்கு மேல் அதைத் தன் அறையில் ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தார். 1913ல் ஃபுளோரன்ஸில் ஒரு வியாபாரியிடம் கொண்டுபோய் மாட்டினார். சுமார் ஏழு மாதம் உள்ளே இருந்தார். நம் பஸ் டிரைவர் கதை இன்னும் வேடிக்கை. ஓவியத்தை வைத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லை என்று சொல்லி ஜூரி விடுவித்துவிட்டது. ஆனால் சட்டகம் திரும்பி வரவே இல்லை. எனவே சட்டகத்தைத் திருடிய குற்றத்துக்கு மட்டும் மூன்று மாதம்.

கடைசியாக அந்த முடிவு. உங்கள் வட்டத்தில் அதிகம் பேர் கோபப்பட்டது இதற்குத்தான், எனக்கு அந்த நாவலில் பிடித்ததும் இதுதான். 2012 அக்டோபரில் ராட்டர்டாமின் குன்ஸ்தால் அரங்கிலிருந்து பிக்காசோ, மொனே, மத்தீஸ், கோகன் உட்பட ஏழு ஓவியங்கள் மூன்று நிமிடத்துக்குள் போயின. திருடியவர்கள் ருமேனியர்கள், பிடிபட்டார்கள். ஓவியம் எங்கே? மகனைக் காப்பாற்றக் கிராமத்து வீட்டு அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன் என்றார் முக்கியத் திருடனின் அம்மா. அடுப்புச் சாம்பலை அள்ளி ருமேனிய அருங்காட்சியக நிபுணர்கள் சோதித்தார்கள். பழைய சாயத்தின் எச்சம், துணி, பழங்கால ஆணிகள். அதற்குள் அம்மா நீதிமன்றத்தில் சொன்னதை மாற்றிவிட்டார், நான் எதையும் எரிக்கவில்லை என்று.

அப்புறம் 2018ல், நெதர்லாந்தில் வாழும் ஒரு ருமேனிய எழுத்தாளருக்குப் பெயரில்லாக் கடிதம் வந்தது. ருமேனியாவில் ஒரு காட்டில், குறிப்பிட்ட மரத்தடியில் தோண்டிப் பார் என்று. போய்த் தோண்டினார். பிளாஸ்டிக் சுற்றிய பிக்காசோ! உலகச் செய்தியானது. ஓரிரு நாளில் உண்மை வெளியே வந்தது: பெல்ஜியத்து நாடகக்காரர்கள் இருவர் தங்கள் நாடகத்தின் ஒரு பகுதியாக வரையவைத்துப் புதைத்த போலி. காணாமல் போன கதைக்கு ஒரு முடிவு வேண்டும் என்று உங்கள் வட்டம் கேட்டதே, அவர்கள் அதைப் புதைத்தே வைத்தார்கள். அசல் ஏழும் இன்னும் கிடைக்கவில்லை.